கஞ்சி போட்ட கைக்குட்டை

வெள்ளி, மாஹேபூர்

விமான நிலையம் மாஹேபூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இருபுறமும் கரும்பு, நடுவில் சாலை, கொஞ்ச நேரத்தில் கடல். மொரிஷியஸ் வருகிறவர்கள் பெரும்பாலும் வடக்கே கிராண்ட் பே பக்கம் போய்விடுகிறார்கள். நான் இந்தத் தென்கிழக்கு மூலையைத்தான் கேட்டு வாங்கினேன். அலை அடிக்காத காயல், பழைய வீடுகள், சீக்கிரம் சாத்திவிடும் கடைகள். தனியாக வந்து உட்கார்ந்து படிக்க இதைவிட நல்ல ஊர் வேண்டியதில்லை.

பையில் இருப்பது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. எல்லாத் தொகுதிகளும் அல்ல, 1740களைச் சேர்ந்த பகுதி மட்டும். புதுச்சேரிக்காரர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பெரிய மார்க்கெட் பக்கம் அவர் பெயரில் வீதி இருக்கிறது, அவர் வாழ்ந்த வீடும் இருக்கிறது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 1709இல் பிறந்தவர். பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும். 1736 முதல் 1761 வரை, இடையிடையே விடுபட்டிருந்தாலும், நடந்ததைத் தமிழில் எழுதிவைத்தவர். அந்தப் புத்தகத்தில் வந்து வந்து போகும் கப்பல்களில் பல இந்தத் தீவிலிருந்தும், பக்கத்துத் தீவான பூர்போனிலிருந்தும் வந்தவை. பூர்போன்தான் இன்றைய ரெயூனியன். கப்பல் வந்து சேர்ந்த ஊரில் பிறந்து வளர்ந்து அதைப் பலமுறை படித்தாகிவிட்டது. கப்பல் கிளம்பிய தீவில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

தங்கியிருப்பது ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடி அறையில். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தெருவே அவரைத் தாந்தீன், அதாவது அத்தை, என்று கூப்பிடுகிறது, நானும் அப்படியே கூப்பிடுகிறேன். பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோலும் பிரெஞ்சும் பேசுகிறார். தமிழில் வணக்கம், கோயில், சாப்பாடு, அப்புறம் தேவாரத்தில் நாலு வரி. என் புதுச்சேரிப் பிரெஞ்சு இங்கே நன்றாகவே கைகொடுக்கிறது.

“கூட யாரும் வரவில்லையா, மா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்படியானால் சாப்பிடும்போது கீழே வந்துவிடு” என்றார்.

சனி

மழை. இடைவெளி கிடைத்தபோது கடற்கரை முனைவரை நடந்துவிட்டு வந்தேன். திரும்பும் வழியில் சூடாக இரண்டு தால்பூரி. இன்று படிக்கவில்லை, தூங்கினேன்.

ஞாயிறு

வீட்டில் யாருமில்லை. தாந்தீனும் மகன் குடும்பமும் காலையிலேயே ரோஸ் பெல்லில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார்கள். மேசையில் சோறும் பருப்பும் ரசமும் மூடி வைத்திருக்கிறது.

ஆடி மாதம் இங்கே குளிர்காலம். தென்கிழக்குக் காற்று நாள் முழுக்க வீசுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்போமே, அந்த முரட்டுத்தனம் இதற்கு இல்லை, ஆனால் ஒரு நிமிடமும் ஓய்வதில்லை. சவுக்கு மரங்கள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கின்றன. தேவாலய மணி கேட்டது. ஒரு நாய் குரைத்தது. அதற்கப்புறம் ஊரே அடங்கிவிட்டது.

வராந்தாவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எதிரே காயல். அதற்கு அப்பால் பவளத்திட்டில் அலை உடையும் வெள்ளைக் கோடு. வடக்கே சிங்க மலை.

நாட்குறிப்பைக் கதைப் புத்தகம் மாதிரி ஓட்டிப் படிக்கக் கூடாது என்பது என் தீர்மானம். ஒரு நாளின் குறிப்பைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வைக்க வேண்டும், கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். எழுதியவருக்கு இந்த நாளுக்கும் அடுத்த நாளுக்கும் நடுவே ஓர் இரவு இருந்தது. நாளை என்ன நடக்கும் என்று தெரியாமல் அவர் படுத்துத் தூங்கிய இரவு அது. அதைத் தாண்டிக் குதித்துவிட்டால் நமக்குச் செய்தி கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார். ஊரில் இப்படிப் படிக்க முடிந்ததே இல்லை. மூன்றாவது குறிப்புக்குள் யாராவது கதவைத் தட்டிவிடுவார்கள், இல்லையென்றால் நானே போனை எடுத்துவிடுவேன். இன்று போனை மாடியிலேயே விட்டுவிட்டேன்.

1736இல் எழுதத் தொடங்கும்போதே பிள்ளை தான் எதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று சொல்லிவிடுகிறார். காதால் கேட்டது, கண்ணால் கண்டது, கப்பல்கள் வருவது போவது, அதிசயமாகவோ புதிதாகவோ நடப்பது. கப்பலுக்கு அவர் தனியாக ஓர் இடம் ஒதுக்கியிருப்பதைக் கவனியுங்கள். அவர் வாழ்க்கையில் கடனும் லாபமும் போரும் புதுக் கவர்னரும் எல்லாமே கப்பலில்தான் வந்து இறங்கின. ஒவ்வொரு நாளுக்கும் தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை, பல இடங்களில் எத்தனை மணிக்கு என்பதுகூட. கப்பல் எத்தனை பீரங்கி போட்டது, கோட்டையிலிருந்து பதிலுக்கு எத்தனை போட்டார்கள், கவர்னர் என்ன கேட்டார், இவர் என்ன சொன்னார். எல்லாம் பேச்சுத் தமிழில், பிரெஞ்சும் பாரசீகமும் தெலுங்கும் கலந்த கடைவீதித் தமிழில். அவர் மட்டும் புலவர் தமிழில் எழுதியிருந்தால் அன்றைய புதுச்சேரியின் குரல் நம் காதுக்கு எட்டியே இருக்காது. இதைவிடப் பெரிய கொடையைப் பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை நமக்குத் தரவில்லை என்று நினைக்கிறேன்.

நாள் முழுக்க ஆட்களுக்கு நடுவில் இருந்த மனிதர். கவர்னர் மாளிகை, வியாபாரிகள், வழக்குகள், பல்லக்கு, தீவட்டி. அங்கிருந்து கிளம்பித் தன் பாக்குக் கிடங்குக்கு வந்து உட்கார்வார். அந்தக் கிடங்கு திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு அந்த இடத்தின்மேல் தனிப் பிரியம். பாக்கு வாசனையும் அரை இருட்டுமாக இருந்திருக்கும் என்று நானே கற்பனை செய்துகொள்வேன். ஆனால் அங்கேயும் அவரைத் தேடி ஆட்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். அவருக்குத் தனிமை எங்கேதான் கிடைத்தது என்று யோசித்தால், தாளில்தான் என்று தோன்றுகிறது. 1748 செப்டம்பரில் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்களே, அந்த நாட்களின் குறிப்பைப் படித்தவர்களுக்கு இது புரியும். இடித்தவர்களின் துபாஷ் அவர். தடுக்கவும் முடியவில்லை, விலகவும் முடியவில்லை. அவர் மனத்தாங்கலைக் கேட்டுக்கொள்ள அந்த ஊரில் தாள் இருந்தது.

பக்கம் புரண்டு 1746 ஜூலைக்கு வந்தேன். இந்தத் தீவின் கவர்னர் லபூர்தொனே படைக் கப்பல்களோடு புதுச்சேரியில் வந்து இறங்குகிறார். முழுப் பெயர் மாஹே த லபூர்தொனே. நான் உட்கார்ந்திருக்கும் இந்த ஊருக்கு வைத்ததும் அவர் பெயரைத்தான். 1735இல் இங்கே வந்தவர். போர்ட் லூயியைத் துறைமுகமாக ஆக்கியவர். அந்த வேலைக்குக் கொத்தனார்களையும் கைவினைஞர்களையும் புதுச்சேரியிலிருந்து வரவழைத்தார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே தமிழர் இந்தத் தீவில் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

டூப்ளேக்கும் அவருக்கும் முதலிலிருந்தே ஒத்துப்போகவில்லை. செப்டம்பரில் லபூர்தொனே சென்னைப்பட்டணத்தைப் பிடித்தார். பதினொரு லட்சம் வராகன் வாங்கிக்கொண்டு ஊரை ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுப்பதாகப் பேச்சு. டூப்ளே சம்மதிக்கவில்லை. கடிதங்கள் பறக்கின்றன, கவர்னர் கொதிக்கிறார், பிள்ளை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே போகிறார். அக்டோபரில் புயல் வந்து சென்னைக் கரையில் நின்ற கப்பல்களை நொறுக்கிவிட்டது. மிஞ்சியதைக் கூட்டிக்கொண்டு லபூர்தொனே போனார். புத்தகத்தின் அந்தப் பகுதி அத்தோடு முடிந்தது.

நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மனத்துக்குள் அவர் பின்னாலேயே போனேன். இங்கே வந்து சேர்ந்தபோது அவர் நாற்காலியில் வேறொருவர். பிரான்சுக்குப் போனதும் பஸ்தீல் சிறை, 1748 முதல் 1751 வரை. எழுதத் தாள் தரவில்லையாம். கைக்குட்டையைக் கஞ்சியில் நனைத்து விறைப்பாக்கி, காப்பி மண்டியும் புகைக்கரியும் சேர்த்த மையில், செப்புக் காசை வளைத்துச் செய்த எழுதுகோலால் தன் பக்கத்து நியாயத்தை எழுதினார் என்று சொல்வார்கள். குற்றமில்லை என்று விடுவித்தபோது உடம்பு போய்விட்டது. 1753 நவம்பரில் இறந்தார். அவரை வீழ்த்திய டூப்ளேயும் திருப்பி அழைக்கப்பட்டு, பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு வழக்காடியே நொடித்து, சரியாகப் பத்தாண்டு கழித்து 1763 நவம்பரில் இறந்தார்.

கஞ்சி போட்ட துணியை எனக்கு நன்றாகத் தெரியும். தாத்தாவின் வேட்டிக்குப் பாட்டி கஞ்சி போட்டுக் காயவைத்தால் அது கொடியில் அப்பளம் போல விறைத்து நிற்கும். நகத்தால் கீறினால் கோடு விழும். அதில் நாங்கள் பெயர் எழுதி அடி வாங்கியிருக்கிறோம். லபூர்தொனே இந்தியாவில் பல காலம் இருந்தவர். ஏதாவது ஒரு வண்ணார் துறையில் அந்தத் துணியைப் பார்த்திருப்பார், பாரிசுச் சிறையில் அது நினைவுக்கு வந்திருக்கும் என்று நம்ப எனக்கு ஆசையாக இருக்கிறது. பிடித்த கோட்டை, கட்டிய துறைமுகம் எதுவும் கூட வரவில்லை. சோறு வடித்த கஞ்சி வந்தது.

ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு மறுபடியும் வராந்தா.

அடைபட்டு எழுதியவர்களை நினைக்கத் தொடங்கினால் இந்தத் தீவில் மாத்யூ பிளிண்டர்சைத் தவிர்க்க முடியாது. ஆஸ்திரேலியாவைக் கடல்வழியே சுற்றி வரைபடம் வரைந்த ஆங்கிலேய மாலுமி. 1803 டிசம்பரில், கப்பல் ஒழுகுகிறதே என்று இங்கே ஒதுங்கினார். பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டது அவருக்குத் தெரியாது. கவர்னர் தெகான் அவரை ஒற்றர் என்று பிடித்து வைத்தார், 1810 வரை. முதலில் போர்ட் லூயியில் காவலில், பிறகு மேட்டுநிலத்தில் ஒரு தோட்ட வீட்டில். அங்கே அவர் பிரெஞ்சு கற்றார், புல்லாங்குழல் வாசித்தார், வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், விடாமல் நாட்குறிப்பு எழுதினார். உலகைச் சுற்றி அவரோடு வந்த ட்ரிம் என்ற கறுப்புப் பூனை இந்தத் தீவில் காணாமல் போயிற்று. அதற்கு அவர் ஒரு நினைவுக் கட்டுரையே எழுதினார். கண்டத்தை அளந்தவர் ஒரு பூனைக்காக உட்கார்ந்து எழுதியதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் வந்த மரியாதை, அவர் வரைபடத்தைப் பார்த்து வந்ததல்ல.

அந்தத் தெகான்தான் இந்த மாஹேபூரை நிறுவியவர். அவரும் 1803இல் முதலில் போய் நின்றது புதுச்சேரியில். ஆங்கிலேயர் ஊரைக் கொடுக்காததால் இந்தப் பக்கம் கப்பலைத் திருப்பினார். எங்கே தொட்டாலும் நூலின் மறுமுனை எங்கள் ஊரில் போய் முடிகிறது.

பிற்பகலில் ஒரு குறிப்புக்காகப் பின்னோக்கித் திரும்பினேன். 1743ஆம் வருஷத்தது. முன்பு ஊரில் படித்தபோது வேகமாகக் கடந்துபோனது. ஏழை எளியவர்களை ஏமாற்றி அழைத்துப் போய் அடைத்துவைத்து, தலையை மழித்து, கறுப்புத் துணி உடுத்தி, இரவில் கப்பலேற்றி அடிமையாக விற்றுக்கொண்டிருந்த கூட்டம் ஒன்று பிடிபட்ட கதை. பிள்ளை அதை அதிசயச் செய்திகளில் ஒன்றாக எழுதிவைத்திருக்கிறார். அந்த ஏழைகளைப் பிடித்துக் கொடுத்தவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். பிரெஞ்சுக் கம்பெனி காலத்தில் புதுச்சேரிக் கரையில் கப்பலேறிய அடிமைகளில் பலர் கொண்டுவரப்பட்டது மொரிஷியஸும் ரெயூனியனும் சேர்ந்த இந்த மஸ்கரேன் தீவுகளுக்குத்தான். இந்தக் கரையில் உட்கார்ந்து அதே குறிப்பைப் படிக்கும்போது கடந்துபோக முடியவில்லை.

காலையிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழுதியவர்கள். பிள்ளைக்குத் தாள் இருந்தது. பிளிண்டர்சுக்கு மேசையும் மையும் இருந்தன. லபூர்தொனேக்குக் கைக்குட்டையாவது இருந்தது. தலை மழிக்கப்பட்டுக் கப்பலின் அடித்தளத்தில் கிடந்த ஒருவருக்கு, தன் மொழி பேசுகிறவர் பக்கத்தில் உண்டா என்றுகூடத் தெரியாத ஒருவருக்கு, என்ன இருந்தது? நான் விடுமுறை போட்டுத் தேடி வந்த தனிமை, மேசையில் சோறும் பையில் திரும்பிப் போகிற டிக்கெட்டும் உள்ள தனிமை. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த இன்னொன்றைப் பற்றி நமக்குக் கிடைத்திருப்பது, வேறொருவர் எழுதிய அந்தச் சில வரிகள்தான். பிள்ளை அதையும் எழுதாமல் விட்டிருக்கலாம். அவருக்கு அதில் லாபமில்லை. எழுதினார்.

அதன்பின் நெடுநேரம் படிக்கவில்லை. காயலில் தண்ணீர் வற்றி, ஒருவர் இடுப்பளவு நீரில் நடந்து படகை இழுத்துக்கொண்டு போனார்.

இருட்டியபின் தாந்தீன் வந்தார். நாள் முழுக்க என்ன செய்தாய் என்று கேட்டார், சொன்னேன். அந்த 1743 கதையையும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்துவந்தார். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலிருந்து மகன் வாங்கிவந்த நகல். ஒப்பந்தக் கூலியாக வந்த முன்னோர் ஒருவரின் பதிவு. பதிவு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், கப்பல், போய்ச் சேர்ந்த தோட்டம். அடையாளம்: இடது புருவத்தில் தழும்பு.

“இவ்வளவுதான் இருக்கிறது” என்றார். “ஆனால் என் அண்ணனுக்கும் இடது புருவத்தில் தழும்பு. மரத்திலிருந்து விழுந்தான். அதைச் சொன்னால் என் மகன் சிரிக்கிறான்.”

நான் சிரிக்கவில்லை. தாளை விளக்கடியில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தோம். தகப்பன் பெயரை ஆங்கிலக் குமாஸ்தா கேட்டபடி எழுதியிருந்தார். அதன் தமிழ் உருவம் என்னவாக இருக்கும் என்று நான் ஒன்றிரண்டு சொல்லிப் பார்த்தேன். தாந்தீன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

திங்கள்

மாஹேபூரில் திங்கட்கிழமை சந்தை. நேற்று இருந்த ஊரா என்று கேட்கும்படி கூட்டம். துணி, பழைய சாமான், ஊறுகாய், மிளகாய் வடை. இங்கே அதை காத்தோ பிமான் என்கிறார்கள், கடலைப் பருப்பில் செய்த நம் வடையேதான். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் மலைபோல் குவிந்திருக்கின்றன.

அங்கிருந்து தேசிய வரலாற்று அருங்காட்சியகம். 1810 ஆகஸ்டில் இந்தக் காயலில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கடற்போர் செய்தபோது, இரண்டு பக்கத்துத் தளபதிகளும் காயம்பட்டு ஒரே வீட்டில் படுத்திருந்தார்கள். அந்த வீடுதான் இப்போது அருங்காட்சியகம். நான் பார்க்கப் போனது ஒரு மணியை. சேன் ழெரான் என்ற கப்பலின் மணி. 1744 ஆகஸ்டில், பிரான்சிலிருந்து கரும்பாலை இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு வந்த அந்தக் கப்பல் தீவின் வடகிழக்கே பவளத்திட்டில் மோதி மூழ்கியது. மிகச் சிலரே பிழைத்தார்கள். அப்போது இங்கே கவர்னர் லபூர்தொனே. புதுச்சேரியில் பாக்குக் கிடங்கில் ஒருவர் கப்பல் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள். மணியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது, வந்து சேர்ந்த கப்பல்களைத்தான் ஊரில் எழுத முடியும் என்பது உறைத்தது.

பாலத்தைத் தாண்டி வீல் நுவார் பக்கம் மரவள்ளி பிஸ்கட் செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. ரோல் குடும்பத்தார் 1870 முதல் நடத்துகிறார்கள். காய்ந்த கரும்புத் தோகையை எரித்துச் சுடுகிறார்கள். மரவள்ளியை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்தவரும் லபூர்தொனேதான், அடிமைகளுக்குத் தீனி வேண்டும் என்பதற்காக. தேங்காய் போட்டது எனக்குப் பிடித்தது. ஆனால் அந்தக் காரணம் தெரிந்தபின் வாயில் போட்டதும் கொஞ்சம் நின்றுதான் மென்றேன்.

செவ்வாய், போர்ட் லூயி போய்த் திரும்பி

பஸ்ஸில் கியூர்பீப் வழியாகப் போனேன். மேட்டில் தூறல், தலைநகரில் வெயில். துறைமுகத்தைப் பார்த்தபடி லபூர்தொனேயின் சிலை நிற்கிறது. கொஞ்சம் தள்ளி ஆப்பிரவாசி காட், கூலிகள் இறங்கிய படிகள். 1834இலிருந்து ஏறத்தாழ நாலரை லட்சம் பேர் இந்தத் தீவுக்கு வந்தார்கள். 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள். படிகளின் முன்னால் நிற்கும்போது தாந்தீன் வீட்டுத் தாள் நினைவில் இருந்தது. புருவத் தழும்பை ஒரு குமாஸ்தா குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டது இங்கேயாகத்தான் இருக்க வேண்டும்.

1836இல் சார்லஸ் டார்வினும் இந்த ஊரில் சில நாள் இருந்தார். சாலை போடும் வேலையில் இருந்த இந்தியக் கைதிகளைப் பார்த்து, அவர்கள் தோற்றத்தின் கம்பீரத்தைத் தன் குறிப்பில் வியந்து எழுதினார். அவர்களில் யாருடைய பெயரும் அதில் இல்லை. நாட்குறிப்பு வைத்திருந்த ஒருவர் கடந்துபோகும்போது கண்ணில் பட்டவர்கள், அவ்வளவுதான்.

டீக்கடையில் மிச்சம் வாங்கிய நோட்டைப் பார்த்தேன். ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அப்புறம் இந்தி. தொகை தமிழ் எண்ணிலும் இருக்கிறது. 1998இல் அச்சிட்ட புது நோட்டில் தமிழைக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று தமிழர்கள் எதிர்த்தார்கள், அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பேச்சில் தமிழ் ஏறக்குறைய போய்விட்ட ஒரு சமூகம் எழுத்தை விட்டுக்கொடுக்க மறுத்தது. ஊரில் இதைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போயிருக்கிறேன். இங்கே அந்த நோட்டை மடிக்க மனம் வரவில்லை.

வியாழன், மாஹேபூர்

தாந்தீனின் பேரன் மாலையில் தமிழ் வகுப்புக்குப் போகிறான். ஆசிரியர் தஞ்சாவூரில் படித்துவந்தவர், நிறுத்தி நிதானமாக, எழுத்து எழுத்தாகத் தமிழ் பேசுகிறார். என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு, “நீங்கள் படிக்கிற நாட்குறிப்பிலிருந்து கொஞ்சம் வாசித்துக் காட்ட முடியுமா?” என்று கேட்டனுப்பியிருந்தார்.

பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேர், பெரியவர்களும் சிலர். மஸ்கரேன் கப்பல் வந்த ஒரு நாளை வாசித்தேன். பாதி புரியவில்லை. ஆசிரியர் கிரியோலில் சொல்லிச் சொல்லிப் போனார். கிரியோலில் கேட்டபோது ஒரு சிறுமி பீரங்கிச் சத்தத்தை விரல்விட்டு எண்ணினாள். பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கையைத் தூக்கி, கப்பலில் ஏற்றிக்கொண்டு போன சாதாரண ஆட்களைப் பற்றி அவர் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று கேட்டார். 1743ஐ எடுத்து வாசித்தேன். இதை ஆசிரியர் உடனே மொழிபெயர்க்கவில்லை. நான் முடிக்கும்வரை இருந்து, பிறகு மெதுவாகச் சொன்னார்.

வகுப்பு முடியும்போது வீட்டுப்பாடம் கொடுத்தார்: இன்று வீட்டில் நடந்ததைத் தமிழில் நாலு வரி எழுதி வர வேண்டும். பிள்ளை எழுதிய மாதிரி, கேட்டதும் கண்டதும். பிழை வந்தால் பரவாயில்லை என்றார். இனி ஒவ்வொரு வாரமும் இப்படி எழுதப்போகிறார்களாம். எனக்கு அந்த ஆசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது, குலுக்கினேன்.

இப்போது கீழே சாப்பாட்டு மேசையில் பேரன் எழுதிக்கொண்டிருக்கிறான். எதிரில் தாந்தீன், தன் பங்குக்கும் நாலு வரி வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தமிழ் எழுத வராது. கிரியோலில் சொல்கிறார், நான் தமிழாக்கிச் சொல்கிறேன், பையன் எழுதுகிறான். மழை இல்லை. மீன்காரர் வரவில்லை. புதுச்சேரிப் பெண் நாளை பாம்பிள்மூஸ் தோட்டம் பார்க்கப் போகிறாள், அவளுக்குப் புளிச்சோறு கட்டித்தர வேண்டும். என் அண்ணனின் புருவத்தில் தழும்பு உண்டு.

இதில் எதை முதலில் எழுதுவது என்று பையன் என்னைக் கேட்டான். கிழமையையும் தேதியையும் முதலில் போடச் சொன்னேன்.